புறா வளர்க்கும் சகோதரர்களே, பிழை பக்கத்து வீட்டில் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. ஏச வருபவர்கள் முழுதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

நான் யார் பக்கம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் புறாக்காரன். பாடசாலை விட்டு வந்து சேர்ட்டைக் கழற்றுமுன் கூட்டைப் போய்ப் பார்க்கிறவன். 2020 ஊரடங்கில் நேரம் போகாமல் ஊரில் நிறையப் பேர் புறா வாங்கினார்கள். நான் அதற்கும் முந்தியவன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் லீவுக்கு வந்தால் பையை வாசலில் வைத்துவிட்டு நேரே மேல்மாடிக்கு ஏறி, "உம்மா ஒருத்தி இருக்கிறது ஞாபகம் இருக்கா?" என்று ஏச்சு வாங்கியவன். இன்றைக்கு என் கூட்டில் 22 புறாக்கள் இருக்கின்றன. எல்லாம் ஹோமர், பந்தயப் புறாக்கள். ஆகவே "இந்த சேருக்குப் புறாவைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாரும் தொடங்க வேண்டாம்.

போன கிழமை நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் தம்பி ஒருவரின் புறாக்கள் பின்னேரம் பறந்து, எங்கேயோ இறங்கித் தின்றுவிட்டு வந்து, மஃரிபுக்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. 11 புறா. அன்றிரவே நமது வட்ஸ்அப் குரூப்பில் தீர்ப்பும் எழுதி முடிந்தது. நஞ்சு வைத்தது பக்கத்து வீட்டுக்காரர்தானாம். பார்த்த ஆள் ஒருவரும் இல்லை, ஆனால் எல்லோருக்கும் நிச்சயம். அந்த வீட்டுப் படமும் போடப்பட்டது. இரண்டு வீட்டுக்கும் இடையில் கலியாண உறவு இருக்கிறது என்பதைக்கூட ஒருவரும் யோசிக்கவில்லை. இப்போது ஒரு தாத்தாவும் தம்பியும் மதிலுக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு கதைக்காமல் இருக்கிறார்கள்.

மறுபக்கத்தில், புறா வளர்ப்பை எங்கள் மஹல்லாவில் முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு மகஜர் கையெழுத்துக்குச் சுற்றுகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளி நிருவாகம் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டிருக்கிறது. அதற்கு முன் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

நஞ்சு வைத்தவர் யாராக இருந்தாலும் செய்தது பாவம். அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. நஞ்சு கலந்த தானியத்தைப் புறாதான் தின்ன வேண்டும் என்று சட்டம் இல்லை. கோழி தின்னும், காகம் கொண்டுபோய்க் கிணற்றில் போடும், தவழுகிற பிள்ளை வாயில் வைக்கும். அந்தத் தம்பி பொலிஸில் முறைப்பாடு செய்தது சரி. ஆனால் சகோதரர்களே, அந்த 11 புறாவும் விழுந்த நாளைப் பற்றி மட்டும்தான் நாம் கதைக்கிறோம். அதற்கு முந்திய ஒரு வருடத்தைப் பற்றி யாராவது கதைத்தோமா? அந்த அயல்வீட்டார் எத்தனை தரம் வந்து சொன்னார்கள், என்ன பதில் கிடைத்தது என்று கேட்டோமா?

பதில் என்ன என்று எனக்குத் தெரியும். நாம் எல்லோரும் சொல்கிற அதே பதில்தான். "பறவைதானே, அதற்கு எல்லை தெரியுமா? பறக்கிறதைக் கட்டியா வைக்கிறது?"

இந்த ஒரு வசனத்தைத்தான் நான் இன்றைக்கு உடைக்க வந்திருக்கிறேன். இது பொய். மற்ற எந்தப் பறவையைப் பற்றிச் சொன்னாலும் ஒருவேளை ஒத்துக்கொள்ளலாம். பந்தயப் புறாவைப் பற்றிச் சொன்னால் சொல்கிறவருக்குப் புறா வளர்க்கத் தெரியாது என்று அர்த்தம்.

ஏறாவூரில் விட்டுப் பார்க்கிறோம், வருகிறது. ஓட்டமாவடியில் விடுகிறோம், வருகிறது. வெலிக்கந்தை, கதுறுவெல, ஹபரணை என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். ஒரு தரமும் பார்த்திராத காட்டுக்கு மேலால், சூரியனைப் பார்த்தும் பூமியின் காந்தத்தை உணர்ந்தும் மணம் பிடித்தும், ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு நடுவில் உங்கள் வீட்டுக் கூரையை அது கண்டுபிடிக்கிறது. இவ்வளவு பழக்க முடிந்த ஒரு பறவையை, அடுத்த வீட்டு முகட்டில் இறங்காமல் உங்கள் கூட்டுக்குள் இறங்கப் பழக்க முடியாதா?

நான் கணிதம் படிப்பிக்கிறவன். கணக்காகவே பார்ப்போம். 150 கிலோமீற்றர் பந்தயம் ஒன்று என்று வையுங்கள். உங்கள் புறா நிமிடத்துக்கு 1200 மீற்றர் வருகிறது. 125 ஆவது நிமிடத்தில் வீட்டுக்கு மேலே நிற்கிறது. நல்ல புறாதான். ஆனால் அது கூட்டுக்குள் வராமல் பக்கத்து வீட்டு சீட்டில் உட்கார்ந்து இறகு கோதுகிறது. நீங்கள் விசில் அடிக்கிறீர்கள், பேணியில் சோளத்தைப் போட்டுக் குலுக்குகிறீர்கள், தலையில் கை வைக்கிறீர்கள். 5 நிமிடம் போய்விட்டது. பந்தயத்தில் புறா வானத்தில் தெரிந்த நேரத்தை யாரும் எழுதுவதில்லை. அது உள்ளே வந்து ரிங் பதிவான நேரம்தான் நேரம். 130 நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் வேகம் 1154 மீற்றருக்கு இறங்கிவிடும். நிமிடத்துக்கு 1160 மீற்றர் வந்த, உங்கள் புறாவை விட மெதுவான ஒன்று, நேரே கூட்டுக்குள் விழுந்து உங்களை வென்றுவிடும்.

விளங்குகிறதா? பக்கத்து வீட்டுக்காரருக்கு எது தொல்லையோ அதேதான் நமக்குத் தோல்வி. அடுத்தவர் கூரையில் குந்துகிற புறா கெட்டுப்போன புறா. அதைக் கெடுத்தவர்கள் நாம்.

எப்படிக் கெடுக்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும். காலையில் கூட்டைத் திறந்துவிட்டு வேலைக்குப் போகிறோம், பின்னேரம் வந்து மூடுகிறோம். பகல் முழுக்க அவை ஊர் சுற்றுகின்றன. தீனியை நேரத்துக்குப் போடாமல் பாத்திரத்தில் நிரப்பி வைக்கிறோம். வயிறு நிறைந்த புறா எந்தச் சத்தத்துக்கும் இறங்காது, பறக்கவும் மாட்டாது, குந்திக்கொண்டுதான் இருக்கும். ஒரு புறாவுக்கு நாளைக்கு ஏறக்குறைய 30 கிராம் போதும். பசியோடு வெளியே விட வேண்டும், பறந்து முடிந்தவுடன் அதே சத்தத்தில் கூப்பிட வேண்டும், உள்ளே வந்தால்தான் தீனி. வெளியே, மாடியில், கூரையில் ஒரு மணி தானியமும் போடக்கூடாது. குஞ்சுகளைப் பறக்கத் தொடங்குமுன்பே கம்பிக்கூட்டில் வைத்துச் சுற்றாடலைக் காட்டிப் பழக்க வேண்டும். இதைச் செய்தால் காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம் பறந்துவிட்டு உள்ளே போய்விடும். மற்ற 22 மணித்தியாலமும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் புறா வளர்ப்பதே தெரியாது.

2022 இல் விலைவாசி ஏறியபோது நம்மில் சிலர் செய்தது இதை விட மோசம். தீனி வாங்க வழியில்லை என்று கூட்டைத் திறந்துவிட்டோம். அவை போய் அடுத்தவர் காயப்போட்ட நெல்லில் இறங்கின. அடுத்தவர் கோழிக்குப் போட்ட தீனில் இறங்கின. நம் பொழுதுபோக்கின் செலவை நம்மை விடக் கஷ்டப்பட்ட வீடுகளின் தலையில் கட்டினோம். வழியில்லை என்றால் புறாவைக் குறைத்திருக்க வேண்டும். நான் குறைத்தேன், 40 ஐ 22 ஆக்கினேன். ஆனால் அது நல்ல மனதால் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வேறொரு அடி விழுந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு எழுதுவதில் நியாயம் இல்லை.

அப்போது நான் தரம் 8 வகுப்பாசிரியர். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளின் சீருடை, நகம் பார்ப்பது என் வேலை. ஒரு பிள்ளை தோளில் பச்சை கலந்த கறையோடு வந்து நின்றது. வெள்ளைச் சீருடையில் தூரத்திலிருந்தே தெரிந்தது. "வீட்டில் சவர்க்காரம் இல்லையா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டேன். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, கீழே பார்த்துக்கொண்டு நின்றது. பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இடைவேளையில் ஒரு பையன் வந்து மெதுவாகச் சொன்னான். "சேர், அது உங்கட புறாட வேல. அவட ஊடு உங்கட ஊட்டுக்குப் பின்னுக்குத்தானே."

அந்தப் பிள்ளையின் மூத்தம்மாவைத்தான் நான் மாமி என்று கூப்பிடுகிறேன். பின்வளவு மாமி. மாப்பிள்ளை மௌத்தாகி, மகளும் வெளிநாட்டில், பேத்தியோடு தனியாக இருக்கிறவர். அன்று பின்னேரம் போனேன். மாமி தேத்தண்ணி ஊற்றித் தந்தார். புறாவைப் பற்றி நான்தான் கதையைத் தொடங்க வேண்டியிருந்தது. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. என் புறாக்களின் இறகும் எச்சமும் கூடு கட்டக் கொண்டுபோன குச்சிகளும் சேர்ந்து மாமியின் வீட்டுப் பீலி அடைத்துப்போயிருந்தது. தண்ணீர் தேங்கி நுளம்புக் குடம்பி இருந்ததாம். டெங்குப் பரிசோதனைக்கு வந்த பீ.எச்.ஐ. எச்சரிக்கைத் துண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்கு? எனக்கில்லை, மாமிக்கு. ஆள் பிடித்துத் துப்புரவாக்கியது மாமியின் காசு. தொழுகை உடுப்பைக் கொடியில் போட்டால் மூன்று தரம் கழுவ வேண்டும் என்று, முழங்கால் ஏலாத மனிசி உடுப்பை வீட்டுக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். மாரியில் அது எங்கே காய்வது?

"ஏன் மாமி எனக்கிட்டச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"எப்பிடி மகன் சொல்லுற? நீங்க எங்கட புள்ளைக்குப் படிச்சுக் குடுக்கிற ஆள்."

நான் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை.

நம் அயலவர்கள் எல்லோரும் சண்டைக்கு வருபவர்கள் அல்ல. பெரும்பாலானவர்கள் மாமியைப் போலத்தான். உறவுக்காகவும் மரியாதைக்காகவும் பயத்துக்காகவும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். "எங்கட அயலில ஒருத்தரும் முறைப்பாடு சொல்லல்ல" என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். 40 புறா, ஒன்றுக்கு 30 கிராம். நாளைக்கு 1.2 கிலோ. மாதத்துக்கு 36 கிலோ தீனியை நான் உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தேன். அது எல்லாம் எங்கே வெளியே வருகிறது என்று ஒரு நாளும் நான் கணக்குப் பார்க்கவில்லை. ஆறு பேர்ச் காணியில், மதிலோடு மதில் ஒட்டிய ஊரில், அதில் எவ்வளவு என் வளவுக்குள் விழுந்திருக்கும்?

இதில் மார்க்கத்தையும் இழுத்து வைத்துத் தப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நாம் ஷாபிஈ மத்ஹபுக்காரர்கள், நமக்குப் புறா எச்சம் நஜிஸ். ஹனஃபி மத்ஹபில் அது நஜிஸ் இல்லை என்பதைப் புறா வாங்கிய பிறகு தேடிப் படித்த ஒரு நண்பர் எனக்கு இருக்கிறார். மற்ற எல்லா விஷயத்திலும் அவர் ஷாபிஈதான். இன்னொருவர், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் எச்சம் விழுந்து பிரச்சினை வந்தபோது, "ஆயிரம் லீற்றர் தாங்கி, இரண்டு குல்லத்துக்கு மேலே, தண்ணி கெடாது" என்று சட்டம் சொன்னார். சட்டம் சரி. மனிதரே, அந்தத் தண்ணீரில் நீங்கள் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பீர்களா? வுழூ கூடுமா கூடாதா என்று அந்தத் தாய் உங்களிடம் ஃபத்வா கேட்கவில்லை. தாங்கிக்கு மூடி வாங்கித் தரச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்ததை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாம் மேல்மாடியில் நிற்கிறோம். அஸரிலிருந்து மஃரிப் வரை நிற்கிறோம், கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு நிற்கிறோம். வானத்தைத்தான் பார்க்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கீழே நாலு பக்கமும் வீட்டு முற்றம். அங்கே பெண் பிள்ளைகள் கிணற்றடியில் நிற்பார்கள், உடுப்பு எடுக்க வருவார்கள், தலை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மேலே நாலு ஆண்கள் நின்றால் அவர்கள் பார்க்கிறார்களா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அந்தப் பெண்களுக்குத் தங்கள் முற்றத்தில் பின்னேரம் இல்லாமல் போகிறது. இது புதிய முறைப்பாடு என்று நினைக்காதீர்கள். பழைய ஃபிக்ஹ் கிதாபுகளில், புறா பறக்கவிட்டு விளையாடுபவனின் சாட்சியத்தை ஏற்க முடியாது என்று எழுதியிருப்பதற்கு அறிஞர்கள் சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. கூரையில் ஏறுகிறான், அடுத்த வீட்டுப் பெண்களைப் பார்க்க நேருகிறது. எண்ணூறு வருடத்துக்கு மேலாகப் புறாக்காரன் மேல் உள்ள அதே முறைப்பாட்டை நாம் மாற்றாமல் வைத்திருக்கிறோம்.

என் வீட்டில் மாடியின் மூன்று பக்கமும் ஆளுயரத்துக்குத் தகரம் அடித்துவிட்டேன். புறா மேலால் வரும், எனக்கு வானம் தெரியும், முற்றம் தெரியாது. தகரத்துக்குப் போன காசு ஒரு நல்ல ஜோடிப் புறாவின் விலைகூட இல்லை. கூட்டாளிகளையும் மேலே ஏற்றுவதில்லை. பார்க்க வேண்டுமென்றால் அடைத்த பிறகு கூட்டுக்குள் வந்து பார்க்கட்டும்.

நம் பக்கத்தின் கடைசி வாதம் ஒன்று இருக்கிறது. "எங்கட பொடியன்கள் புறாவோட நிக்கிறதால ஐஸ், கஞ்சா என்று போகாம இருக்கிறாங்க. இதையும் தடுத்தா எங்க போவாங்க?" இதில் உண்மை இருக்கிறது. வகுப்பில் அரை மணித்தியாலம் இருக்கமாட்டாத மாணவன் ஒருவன், முட்டையிட்ட திகதியை எழுதி வைத்து 18 நாள் எண்ணி, குஞ்சு பொரித்து ஒரு கிழமையில் காலில் ரிங் போட வேண்டும், பிந்தினால் கால் பெருத்துவிடும் என்று எனக்கே ஞாபகப்படுத்தியதைப் பார்த்தவன் நான். ஆனால் இதை அயலவரிடம் வாதமாக வைக்காதீர்கள். "என் மகன் கெட்டுப்போகாமல் இருக்க உன் கூரை நாற வேண்டும்" என்பது கோரிக்கை இல்லை, மிரட்டல். பொறுப்புப் பழக்கத்தான் புறா என்றால் அந்தப் பொறுப்பின் முதல் பாடம் பக்கத்து வீட்டுப் பீலி. பொடியனை ஏணியோடு அனுப்புங்கள்.

பந்தயம் என்ற பெயரில் காசு கட்டுகிறவர்களோடு எனக்கு ஒரு கதையும் இல்லை. அது சூது, அதைக் காப்பாற்ற நான் எழுதவில்லை.

இனி மகஜர்க்காரர்களுக்கு.

உங்கள் கோபம் நியாயம் என்று இவ்வளவு எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேளுங்கள். மகஜரில், புறா வளர்ப்பது மார்க்கத்திலேயே இல்லாத வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. நம் மத்ஹபின் இமாம் நவவியே, முட்டைக்கும் குஞ்சுக்கும் துணைக்கும் கடிதம் கொண்டுபோகவும் புறா வளர்ப்பது ஆகும் என்றுதான் சொல்கிறார். வெறும் விளையாட்டுக்குப் பறக்கவிடுவது மக்ரூஹ் என்கிறார். அதை நானும் மறைக்கவில்லை. சுல்தான் நூருத்தீன் ஸங்கி 12 ஆம் நூற்றாண்டில் சிரியாவிலும் எகிப்திலும் புறா அஞ்சலை ஒரு ஒழுங்காகவே நடத்தினார். நம் நாட்டிலும் 1850களில் காலித் துறைமுகத்துக்குக் கப்பல் கொண்டுவந்த செய்தியை ஒப்சேவர் பத்திரிகைக்காரர்கள் புறா மூலம்தான் கொழும்புக்கு எடுத்தார்கள். இது தெருப் பொடியன்களின் வேலை என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள்.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு ஒரு சம்பவம் ஞாபகம் இருக்கும். அப்பாஸிய கலீஃபா மஹ்தி புறாப் பிரியர். அவரைச் சந்தோஷப்படுத்த கியாஸ் பின் இப்ராஹீம் என்பவர், ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றின் போட்டிக்கே பரிசு என்று வருகிற நபிமொழியில் பறவையையும் சொருகிச் சொன்னார். பரிசும் வாங்கினார். அவர் போன பிறகு கலீஃபா, தனக்காகத்தான் இந்தப் பொய் சொல்லப்பட்டது என்று விளங்கி, புறாக்களை அறுத்துவிடச் சொன்னார். பொய் சொன்னவர் காசோடு போனார், கழுத்து அறுபட்டது புறாவுக்கு. கலீஃபாவின் பேணுதலைப் பற்றித்தான் இந்தக் கதையைச் சொல்லுவார்கள். எனக்கு ஒவ்வொரு தரமும் அந்தப் புறாக்களின் ஞாபகம்தான் வரும்.

சரி, தடை போட்டீர்கள் என்று வைப்போம். ஒரு மாதத்துக்குள் எல்லோரும் புறாவை அகற்ற வேண்டும். எங்கே அகற்றுவது? ஹோமர் புறாவின் குணம் என்ன? பறந்து பழகிய புறாவை ஏறாவூரில் விற்றாலும் கதுறுவெலயில் விற்றாலும், வாங்கியவர் கூட்டைத் திறந்த அன்றைக்கே எங்கள் ஊருக்குத் திரும்பி வரும். அதனால்தான் வாங்குபவர்கள் பெரிய புறாவைப் பறக்கவிடாமல் குஞ்சு எடுக்க மட்டும் அடைத்து வைக்கிறார்கள். அப்படித் திரும்பி வரும்போது இங்கே கூடு இருக்காது. தீனி வைக்க ஆள் இருக்காது. எங்கே குந்தும்? உங்கள் கூரையில்தான். இன்றைக்கு அதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், ஏசவாவது முடிகிறது. நாளைக்கு யாரைப் பிடிப்பீர்கள்?

ஆகவே வெள்ளிக்கிழமை நான் கேட்கப் போவது தடையும் இல்லை, விட்டுவிடுங்கள் என்பதும் இல்லை. நிருவாகம் ஒரு தாளில் எழுதட்டும், புறாக்காரர்கள் கையெழுத்து வைக்கட்டும். சிறிய காணியில் 20 அல்லது 25 புறாவுக்கு மேலே வேண்டாம். கூடினால் முட்டையை மாற்றிப் பொய் முட்டை வையுங்கள், அது நமக்குத் தெரியாத வித்தை இல்லையே. காலை, பின்னேரம் என்று பறக்கவிடும் நேரம் எழுதி அயலவருக்குக் கொடுங்கள், அந்த நேரத்தில் அவர்கள் கொடியில் உடுப்புப் போடாமல் இருக்கலாம். மாடிக்கு மறைப்பு. கூடு ஒவ்வொரு நாளும் சுரண்ட வேண்டும், தூசு பறக்காமல், நமது சுவாசப்பைக்கும் அதுதான் நல்லது. மாரி தொடங்குமுன் சுற்றியுள்ள வீடுகளின் பீலியை நாமே ஏறித் துப்புரவாக்க வேண்டும், சோலார் பெனல் போட்டிருந்தால் அதையும் கழுவ வேண்டும், தண்ணீர்த் தாங்கிக்கு மூடி இல்லையென்றால் நமது காசில் மூடி. அடுத்தவரின் வழிதவறிய புறா வந்து இறங்கினால் ரிங்கைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் சண்டைகளில் பாதி அயலவரோடு இல்லை, நமக்குள்ளேயே இந்தப் புறாப் பிடிப்பில்தான். இதற்கெல்லாம் கையெழுத்து வைக்கமாட்டேன் என்கிறவரின் கூட்டைப் பற்றி நிருவாகம் என்ன முடிவெடுத்தாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

அதோடு, அந்த வீட்டுப் படத்தை குரூப்பில் போட்டவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் அழித்துவிடுங்கள். போட்டவர் யார் என்பது எனக்குத் தெரியும். என் பழைய மாணவன்தான். மகன், அழித்தால் மட்டும் போதாது, அந்த வீட்டுக்குப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வா.

மாமியையும் கூட்டத்துக்கு வரச் சொன்னேன். "ஆம்பிளையள்ற கூட்டத்துக்கு நான் எதுக்கு மகன்" என்றார். பேத்தி எழுதித் தருவாளாம், வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதில் என்ன இருக்கிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. என்னைப் பற்றி எழுதியிருந்தாலும் அப்படியே வாசிப்பேன்.

கொமெண்டில் ஏசுபவர்கள் ஐந்து மணிக்கு முன்னால் ஏசுங்கள். அதற்குப் பிறகு எனக்குப் புறா அடைக்கிற நேரம்.